சிவப்பு ஹெல்மெட்டும் ஒரு தூக்குவாளி மாவும்

கூச்சப்படுகிறவர்கள் யாருக்கும் உதவி செய்யப் போகக் கூடாது. யாரிடமும் உதவி வாங்கவும் கூடாது. இரண்டுக்குமே வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச வேண்டியிருக்கிறது. அந்த நாலு வார்த்தை வராமல் ஒரு தூக்குவாளி இட்லி மாவை நான் எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தேன் என்பதை எழுதுகிறேன். நான் எழுதாவிட்டால் என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் சொல்லும்போது அந்த மாவு ராமேசுவரம் வரைக்கும் போய்விடுகிறது. அவ்வளவு தூரமெல்லாம் போகவில்லை.

அன்னவாசலுக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவில், மெயின் ரோட்டை ஒட்டி எங்கள் ஊர். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. பேசியது அதைவிடக் குறைவு. கடைக்குப் போனால் "சீனி குடுங்க" என்று கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, வேறு யாராவது சீனி கேட்கட்டும், அவர்களோடு சேர்த்து நானும் வாங்கிக்கொள்ளலாம் என்று நிற்கிற ஆள். (ஒரு தடவை அப்படி நின்று எலி மருந்தோடு வீட்டுக்கு வந்தேன். எங்கள் வீட்டில் எலி கிடையாது.)

எனக்கும் சேர்த்துப் பேசுவதற்கு என்றே கடவுள் பக்கத்து வீட்டில் ஆரோக்கியமேரியை வைத்திருந்தார். கேஸ்காரரோடு சண்டை போடுவது, ரேஷன் கடையில் எனக்கு இடம் பிடிப்பது, பஸ்ஸில் கண்டக்டரிடம் "அக்காவுக்கு முடியல, சீட்டு குடுங்க" என்று எனக்கு இல்லாத நோயைச் சொல்வது எல்லாம் அவள்தான். பதிலுக்கு நான் அவளுக்கு எதுவும் செய்ததில்லை. அவள் கேட்டதும் இல்லை.

அவள் மகன் இலுப்பூரில் வீடு கட்டினான். ஃபாதர் வந்து வீட்டை மந்திரிக்கிற நாள் குறித்தார்கள். சாமான்களை வண்டியில் ஏற்றி முதல் நாளே போய்விட்டார்கள். ஏற்றுகிறபோது கிரைண்டரைக் கீழே போட்டு, கல் ஒரு பக்கம், தொட்டி ஒரு பக்கம் ஆகிவிட்டது. மேரி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஃபாதருக்கு என் கையால இட்லி ஊத்தணும்னு நெனச்சேங்க்கா. இனி கடையிலதான் சொல்லணும் போல."

"நான் ஆட்டித் தாரேன் மேரி."

இதைச் சொன்னது என் வாய்தானா என்று நானே திரும்பிப் பார்த்தேன். மேரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, ஒங்களை நம்பித்தான் இருக்கேன். காலையில மாவு வந்துரணும்" என்றாள். வாழ்க்கையில் என்னை நம்பி ஒருவர் இருந்தது அதுதான் முதல் தடவை. ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து எழுந்து மாவைப் பார்த்தேன். அது என்னைவிட நன்றாகத் தூங்கி, விடிகிறபோது தூக்குவாளியின் கழுத்துவரை எழும்பியிருந்தது.

இந்த இடத்தில் என் மருமகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்ல எனக்கு அதிகம் தெரியாது. எங்கள் பக்கம் மாமியார் மருமகனோடு நேருக்கு நேர் பேசுகிற வழக்கமில்லை. இப்போதெல்லாம் மாமியாரும் மருமகனும் சேர்ந்து நின்று செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள், நானும் பார்க்கிறேன். என்னால் முடியவில்லை. அவர் சாப்பிட வர வேண்டுமென்றால் வாசலில் கட்டியிருக்கிற ஆட்டுக்குட்டியிடம் "சோறு வச்சிருக்கு" என்று சொல்வேன். ஆட்டுக்குட்டி அசையாது, மருமகன் எழுந்து வருவார். இப்படியே ஆறு மாதம் ஓடிவிட்டது. அவருடைய செருப்பை எந்தக் கூட்டத்திலும் அடையாளம் சொல்லிவிடுவேன். முகத்தைக் கல்யாண ஆல்பத்தில் பார்த்ததோடு சரி, அதிலும் பாதிப் படத்தில் மாலை மறைத்திருந்தது.

"அவரு என்ன புலியாம்மா?" என்று என் மகள் செல்வி கேட்பாள்.

புலியாக இருந்தால் முகத்தைப் பார்த்திருப்பேன்.

மந்திரிப்புக்காக செல்வியும் மருமகனும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். காலையில் அவளை முதலில் இலுப்பூரில் விட்டுவிட்டு, மருமகன் திரும்பி வந்து என்னையும் மாவையும் ஏற்றிக்கொள்வது என்று ஏற்பாடு. பஸ்ஸில் போனால் கூட்டத்தில் மாவு சிந்திவிடும். மருமகன் வண்டியில் பின்னால் உட்காருவதா என்று எனக்கு உயிரே போயிற்று.

"ரோட்டுல புளியமரத்துக்கிட்ட நில்லும்மா. செவப்பு ஹெல்மெட்டு, வெள்ளச் சட்டை. வந்து நின்னா ஏறிக்க. ஒண்ணும் பேச வேணாம், ஏறுனாப் போதும்."

(இந்தக் கடைசி வரியைச் சொன்னதாக செல்வி இன்றுவரை ஒப்புக்கொள்வதில்லை.)

என் வீட்டுக்காரர் முழங்கால் வலி என்று வரவில்லை. "மாவு பத்திரம்" என்று வாசலில் இருந்து சத்தம் போட்டார். என்னைப் பத்திரமாகப் போகச் சொல்லவில்லை.

புளியமரத்தடியில் நின்றேன். காலை வெயிலே சுள்ளென்று அடித்தது. தூக்குவாளியின் மூடியை ஒரு துணியால் இறுக்கிக் கட்டியிருந்தேன். இருந்தாலும் மூடி மெல்ல மெல்ல எழும்புவது போலவே இருந்தது. அதை அமுக்குவதும், ரோட்டை எட்டிப் பார்ப்பதும், மறுபடி அமுக்குவதுமாக நின்றேன். ஃபாதர் வந்திருப்பாரோ, மேரி வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருப்பாளோ என்று மனது இலுப்பூருக்குப் போய்ப் போய்த் திரும்பி வந்தது.

இலுப்பூர்ப் பக்கமிருந்து ஒரு வண்டி வந்தது. சிவப்பு ஹெல்மெட். வெள்ளைச் சட்டை. சரியாக எனக்கு முன்னால் வந்து ஓரங்கட்டி நின்றது. வந்தவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். நான் வழக்கம்போல் காலைப் பார்த்தேன். செருப்புக்குப் பதிலாக ஷூ. 'ஃபாதர் வாராருல்ல, அதான் மரியாதையா ஷூ போட்டிருக்காரு' என்று மருமகனை மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். ஏறி உட்கார்ந்தேன். எனக்கும் அவருக்கும் நடுவில் தூக்குவாளி உட்கார்ந்தது.

அவர் திரும்பிப் பார்த்தார். தூக்குவாளியையும் பார்த்தார். பிறகு போனைப் பையில் போட்டுவிட்டு, "போவமாங்க?" என்றார்.

மருமகன் என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி! வெட்கத்தில் முகத்தைத் தூக்குவாளிக்குள் விடாத குறையாகக் குனிந்து, "ம்" என்றேன்.

வண்டி திரும்பி இலுப்பூருக்குப் போக வேண்டும். திரும்பவில்லை. நேராகப் புதுக்கோட்டை ரோட்டில் போயிற்று. பெட்ரோல் போடப் போகிறார் என்று நினைத்தேன். பெட்ரோல் பங்க் வந்தது, போயிற்று. அந்த பங்கில் கூட்டம் போல என்று நினைத்தேன். அங்கே ஒரு ஆள்கூட இல்லை. இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பைக்குள் போன் அதிர்ந்தது. வண்டி ஆட்டம் என்று விட்டுவிட்டேன். அடுத்து ஒரு ஊர், அதற்கடுத்து ஒரு ஊர். ஒவ்வொரு ஊருக்கும் நான் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். மருமகனைப் பற்றித் தவறாக நினைக்கக் கூடாது என்று அவ்வளவு பாடுபட்டேன்.

புதுக்கோட்டைக்குள் வண்டி நுழைந்து ஒரு பூக்கடை முன்னால் நின்றது. அவர் இறங்கிப் போய்ப் பூ, ஆப்பிள், வெற்றிலை பாக்கு எல்லாம் வாங்கினார். 'ஓகோ, புது வீட்டுக்கு வெறுங்கையோட போகக் கூடாதுன்னு டவுனுக்கு வந்திருக்காரு!' என்று எனக்கு மனது குளிர்ந்துவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே வந்து பையை என்னிடம் நீட்டினார்.

"ஆத்தா, இதக் கொஞ்சம் மடியில வச்சுக்கிறீங்களா?"

அத்தை என்றுகூட அழைத்திராத மனுசன், ஆத்தா என்கிறாரே! எனக்குக் கண் கலங்கியது. கலங்கின கண்ணோடு பையை வாங்கிக்கொண்டேன். (குரல் வித்தியாசம் தெரியவில்லையா என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பேசிப் பாருங்கள். எல்லாருக்கும் ஒரே குரல்தான்.)

இனியாவது திரும்புவார் என்று பார்த்தால், வண்டி டவுனையும் தாண்டி அந்தப் பக்கம் போக ஆரம்பித்தது. இனிமேல் கண்டுபிடிக்க என்னிடம் காரணம் எதுவும் மிச்சமில்லை. இலுப்பூர் முதுகுக்குப் பின்னால் போய்க்கொண்டே இருக்கிறது. கேட்கவும் முடியவில்லை. தோளில் தட்டலாம் என்றால் மருமகன் தோளை எப்படித் தொடுவது? வேறு வழியில்லாமல் தூக்குவாளியிடம் பேசினேன்.

"இலுப்பூரு அங்கிட்டுல்ல இருக்கு."

காற்று அதை வாங்கிக்கொண்டு போய்விட்டது.

"மாவு புளிச்சுப் போயிரும்ல" என்று கொஞ்சம் சத்தமாகத் தூக்குவாளியிடம் சொன்னேன். எதிரில் வந்த லாரி ஹாரன் அடித்தது.

தூக்குவாளிக்கு மட்டும் காது கேட்டிருக்க வேண்டும். வெயிலும் குலுக்கலும் சேர்ந்து மூடி பக்கென்று தூக்கிக்கொண்டது. மாவு வழிந்து அவர் முதுகில் இறங்கியது. பதறிப்போய் முந்தானையால் துடைத்தேன். மேலே படாமல் துடைக்க வேண்டுமே! அதனால் துடைக்கவில்லை, பூசினேன். உள்ளங்கையளவு இருந்தது முதுகளவு ஆயிற்று. வெள்ளைச் சட்டையில் வெள்ளை மாவு, யாருக்கும் தெரியாது என்று மனதைத் தேற்றிக்கொண்டு, மிச்ச வழி முழுக்க மூடியை அமுக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் வண்டி நின்றது. வாசலில் கோலம், பிளாஸ்டிக் நாற்காலிகள், வேட்டி கட்டின ஆட்கள். அவர் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினார்.

தாடி வைத்த ஒரு தம்பி.

ஆல்பத்தில் தாடி இல்லை. எவ்வளவு மாலை போட்டாலும் தாடியை மறைக்க முடியாது. வாயைத் திறந்தேன். "தம்பி" என்பதில் "த" வந்தது. அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து ஒரு அம்மா ஓடி வந்தார்.

"வாங்க ஆத்தா, வாங்க வாங்க! வெயில்ல வந்திருக்கீங்க, உள்ள வாங்க!"

ஒரு கை என் தூக்குவாளியை வாங்கியது. ஒரு கை பூப்பையை வாங்கியது. இன்னொரு கை என்னையே வாங்கியது. திரும்பிப் பார்த்தேன். அந்தத் தம்பி என்னைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டியது. பிறகுதான் தெரிந்தது, அது என்ன நினைத்தது என்று. ரோட்டோரம் நின்ற பாட்டி லிஃப்ட் கேட்கிறது, இறங்க வேண்டிய இடம் வந்தால் தட்டும் என்று நினைத்து ஏற்றியிருக்கிறது. தட்டாமலே வந்து, இந்த வீட்டிலும் இத்தனை வரவேற்பு நடக்கவும், 'அட, இவுக பொண்ணு வீட்டுச் சொந்தக்காரவுக போல!' என்று சந்தோசப்பட்டிருக்கிறது. அந்த வீட்டுக்காரர்களோ, மாப்பிள்ளையோடு வந்து இறங்கினவள் மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைத்தார்கள். இரண்டு பக்கமும் என்னை மரியாதையாக நடத்தினார்கள். நான் யார் என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று இரண்டு பக்கமும் இருந்துவிட்டார்கள்.

ஆமாம், அது பெண் பார்க்கிற வீடு.

என்னைக் கட்டில் ஓரத்தில் மின்விசிறிக்கு நேராக உட்கார வைத்தார்கள். உட்காரவா முடிந்தது? ஒரு காலை மடக்கினேன், நீட்டினேன், முந்தானையை இழுத்தேன், வாசலைப் பார்த்தேன். சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று தொண்டைவரை வந்தது. அப்போது பெண்ணின் அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் மெல்லிய குரலில் சொன்னது காதில் விழுந்தது.

"அப்பா அம்மா தவறிட்டாங்க, கூடப் பொறந்தவங்களும் இல்லைன்னு தரகரு சொன்னாருடி. சொந்த ஊரு ஜெகதாப்பட்டினம், விராலிமலைப் பக்கம் கம்பெனியில வேலை. புள்ள நல்ல புள்ளதான். ஆனா இவரு ஒரே புடியா நின்னாரு. 'நல்லது கெட்டதுக்கு வந்து நிக்க ஒரு பொம்பளை ஆள்கூட இல்லாத எடத்துல பொண்ணு குடுக்க மாட்டேன், அவன் தனியா வந்து எறங்கினா காப்பியக் குடுத்து அனுப்பிரு'ன்னுட்டாரு. இப்பப் பாரு, பெரியவங்களைக் கூட்டிக்கிட்டு வந்து எறங்கிருக்கு! அவரு மொகத்துலயே சிரிப்பு வந்துருச்சு."

தொண்டைவரை வந்தது திரும்ப வயிற்றுக்குள் போய்விட்டது. நான் வாயைத் திறந்தால் அந்தப் புள்ளைக்குக் காப்பியோடு சரி. திறக்காவிட்டால் மேரி வீட்டில் காப்பியோடு சரி. இரண்டு பேரும் என்னிடம் அன்பாக இருந்ததைத் தவிர எந்தத் தப்பும் செய்யவில்லை.

இதற்குள் அடுப்படியில் என் தூக்குவாளியைத் திறந்துவிட்டார்கள். எனக்கு அங்கிருந்தே எட்டிப் பார்க்க முடிந்தது.

"என்னடி இது? இட்லி மாவு!"

"மாப்புள்ள வீட்டுச் சீரா?"

"கடக்கரைப் பக்கம் இப்புடி ஒரு வழக்கம் இருக்கும் போல. நம்ம கேட்டா நல்லாருக்காது."

"பொங்கி வழியுது பாரு, நல்ல சகுனம்தான். ஊத்திருவோம். அவுக கொண்டாந்த மாவு, அவுக மனசு குளுரட்டும்."

இட்லிச் சட்டி ஏறியது. ஆவி வந்தது. மேரியின் மாவு, ஃபாதருக்கென்று ஆட்டின மாவு, என் கண் முன்னால் வட்ட வட்டமாக வெந்து, இலையில் வந்து விழுந்தது. எனக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். பூப்போல இருந்தது. (இவ்வளவு கலவரத்திலும் அதைக் கவனித்தேன். உளுந்து சரியாகத்தான் போட்டிருந்தேன்.) ஒரு வாய்கூட இறங்கவில்லை.

"ஆத்தா ரொம்பப் பேச மாட்டாக போல" என்றார் ஒருவர்.

"பெரிய எடத்து ஆளுக அப்படித்தான். அளந்துதான் பேசுவாக" என்றார் இன்னொருவர். நான் பேசாமல் இருக்க இருக்க அந்தத் தம்பியின் மதிப்பு ஏறிக்கொண்டே போயிற்று.

பெண் வந்தாள். தேன்மொழி என்று பெயர். காப்பித் தட்டை நீட்டினவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்தாள்.

"என்ன ஆத்தா, இப்புடி வேர்க்குது? ஏதும் செய்யுதா?" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

அந்த வீட்டில் அதுவரை என்னிடம் பதிலை எதிர்பார்த்துக் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான். சொல்லிவிட நினைத்தேன். அதற்குள் அவள் அப்பா தொண்டையைச் செருமினார்.

"எங்களுக்குப் புடிச்சிருக்கு. மாப்பிள்ளை பக்கத்துப் பெரியவங்க நீங்கதான் ஆத்தா. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா தட்டு மாத்துற நாளைப் பேசிரலாம்."

கூடத்தில் இருந்த அத்தனை கண்ணும் என் மேல். ஒரு வார்த்தை! என்னிடம்!

என் இடுப்பு அலறியது.

எங்கள் வீட்டு பட்டன் போன் எடுத்ததும் ஸ்பீக்கரில்தான் பேசும். அதை எப்படி அணைப்பது என்று எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. அவசரத்தில் எந்த பட்டனை அமுக்கினேனோ, செல்வியின் குரல் கூடம் முழுக்க முழங்கியது.

"யம்மா! எங்கம்மா இருக்க? அவரு புளியமரத்தடியில நின்னு நின்னு காஞ்சு போயிட்டாரு! கெணத்துலயெல்லாம் எட்டிப் பாத்துட்டாரு! மேரி அத்தை இட்லிச் சட்டிய அடுப்புல வச்சுட்டு ஒக்காந்துருக்காங்க, ஃபாதரு வந்து மந்திரிச்சு முடிச்சுட்டாரு! மாவு எங்கம்மா?"

இட்லியைப் பிட்டு வாய்க்குக் கொண்டுபோன ஒருவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"யாரு வண்டியிலயாச்சும் மாத்தி ஏறிட்டியாம்மா? யாரு வண்டி?"

"தெரியல" என்றேன்.

அன்றைய தினம் நான் மனுசரிடம் சொன்ன முதல் முழு வார்த்தை.

அந்தத் தம்பி எழுந்து நின்றது. "ஆத்தா, நீங்க இந்த வீட்டு ஆளு இல்லையா?"

பெண்ணின் அம்மா வாயில் கை வைத்தார். "தம்பி, அப்ப இவுக ஒங்க ஆளு இல்லையா?"

பெண்ணின் அப்பா முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "ஆள் இல்லைன்னு தெரிஞ்சு, ரோட்டுல போறவங்களைக் கூட்டியாந்து ஒக்கார வச்சீங்களா தம்பி? நடிக்கவா?"

தம்பி திகைத்துப்போய் நின்றது. ஏதோ சொல்ல வந்தது, வார்த்தை வரவில்லை. அந்தத் திகைப்பு எனக்கு நன்றாகத் தெரியும். என் வாழ்நாள் முழுக்க நான் வைத்திருந்த முகம் அது. மேரி பக்கத்தில் இருந்தால் இந்நேரம் பேசியிருப்பாள். மேரி இலுப்பூரில் அடுப்புக்கு முன்னால் இருக்கிறாள். நான் எழுந்து நின்றேன். எழுந்தது தெரியும். பேசினது என்ன என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

"மாவ மட்டும் குடுத்துருங்க, நான் போயிர்றேன்" என்றேனாம்.

மாவு எல்லார் இலையிலும் இருந்தது.

"அந்தப் புள்ள மேல தப்பில்லங்க. நாந்தேன் ஏறுனேன். எங்க மருமகனும் செவப்பு ஹெல்மெட்டு. மருமகன் மொகத்த நான் பாக்குறதில்ல. கால் வேற மாதிரி இருந்துச்சு, புதுசா ஷூ வாங்கியிருக்காருன்னு நெனச்சேன். வழியெல்லாம் கேட்டுக்கிட்டுத்தேன் வந்தேன். தூக்குவாளிக்கிட்டதேன் கேட்டேன்."

பெண்ணின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்க ஆரம்பித்தார். "எங்கம்மாவும் இப்புடித்தேன்! இவரு வந்தா அம்மிக்கல்லுக்கிட்டதேன் பேசும்!" என்று தன் வீட்டுக்காரரைக் காட்டினார். அதற்குப் பிறகு சிரிப்பு யார் கட்டுப்பாட்டிலும் இல்லை. பெண்ணின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

தம்பி ஹெல்மெட்டைக் கையில் எடுத்தது.

"மன்னிச்சுக்கங்க. நான் மொதல்ல இவங்களைக் கொண்டுபோய் இலுப்பூருல விட்டுட்டு வந்துர்றேன். வீட்டுல தேடிக்கிட்டு இருக்காங்க."

"நல்ல நேரம் முடிஞ்சிரும் தம்பி" என்றார் அவர் விறைப்பாக.

"முடிஞ்சா முடியட்டுங்க. கெணத்துல எட்டிப் பாத்துக்கிட்டு இருக்காங்களாம்."

சொல்லிவிட்டுத் திரும்பியது. திரும்பினதும்தான் எல்லாரும் அதன் முதுகைப் பார்த்தார்கள். மாவு காய்ந்து, வெடித்து, வறண்ட கண்மாய் மாதிரி இருந்தது. நடுவில் என் அஞ்சு விரலும் தெளிவாகப் பதிந்திருந்தது.

அடுப்படி நிலைப்படியில் நின்ற தேன்மொழிதான் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"யப்பா, யாருன்னே தெரியாத ஆத்தாவையே நடுவழியில எறக்கிவிடாமக் கூட்டிக்கிட்டு வந்துருக்காரு. என்னைய எங்க எறக்கிவிடப் போறாரு?"

அவள் அப்பா அவளைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், தன் இலையில் இருந்த இட்லியைப் பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது.

"போயிட்டு வாங்க மாப்ள" என்றார். "அடுத்த நல்ல நேரம் மத்தியானத்துக்கு மேல இருக்கு. வரும்போது சட்டைய மாத்திக்கிட்டு வாங்க."

எங்கள் பக்கம் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருகிற வழக்கமில்லை. மிச்சமிருந்த இட்லியை எல்லாம் என் தூக்குவாளியில் அடுக்கி, மேலே சட்னியையும் ஒரு டப்பாவில் வைத்துக் கொடுத்தார்கள். வண்டியில் ஏறினோம். இந்தத் தடவை தம்பி விவரமாகிவிட்டது. "நீங்க தட்டுவீங்க தட்டுவீங்கன்னு பாத்துக்கிட்டே வந்தேன் ஆத்தா" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு முக்குக்கும் வண்டியை நிறுத்தி "இங்கயா? இங்கயா?" என்று கேட்டுக்கொண்டே வந்தது.

இலுப்பூரில் எல்லாரும் வாசலில் நின்றார்கள். ஃபாதர் உப்புமா சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். மேரி ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு தூக்குவாளியைத் திறந்து பார்த்தாள்.

"மாவுதானக்கா கொண்டாரேன்னீங்க? வர்ற வழியிலேயே அவிச்சுக்கிட்டு வந்துட்டீங்களா?"

என் மருமகன் ஒரு ஓரமாக நின்றிருந்தார். அன்றைக்குத்தான் அவர் முகத்தை நன்றாகப் பார்த்தேன். வெயிலில் கறுத்து, பயத்தில் வெளுத்து, இரண்டு நிறத்தில் இருந்தது. நல்ல முகம். பக்கத்தில் நின்ற தம்பியைவிட அரை ஆள் குட்டை, ஒரு ஆள் பருமன். இரண்டு பேரையும் சேர்த்து வைத்துப் பார்த்த செல்வி, "இதையுமாம்மா கண்டுபுடிக்க முடியல?" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தத் தம்பி செந்திலுக்கும் தேன்மொழிக்கும் நடந்த கல்யாணத்தில் மாப்பிள்ளை பக்கம் நின்ற பெண் ஆட்கள் நாங்கள் இரண்டு பேர். நின்றது நான், பேசியது மேரி.

இப்போதும் எங்கள் வீட்டில் யார் எங்கே கிளம்பினாலும் என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து, "மூஞ்சியப் பாத்து ஏறுங்க!" என்பார். மருமகனோடு இன்னும் நான் நேராகப் பேசுவதில்லை. ஆட்டுக்குட்டி வளர்ந்து கிடாயாகிவிட்டது, அதனிடம்தான் சொல்கிறேன். ஆனால் செல்வி சும்மா இருக்கவில்லை. வெள்ளைப் பெயிண்ட் வாங்கி அவருடைய சிவப்பு ஹெல்மெட்டின் பின்பக்கம் கொட்டை எழுத்தில் "மருமகன்" என்று எழுதிவிட்டாள். பாவம், புதுக்கோட்டை ஜில்லா முழுக்க அந்த ஹெல்மெட்டோடுதான் அவர் போய் வருகிறார். செக்கிங்கில் நிறுத்துகிற போலீஸ்காரர்கள் "யாருக்குங்க?" என்று கேட்கிறார்களாம். நான் மட்டும் அதை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுகிறேன், அஞ்சாம் வகுப்பு வரை படித்ததற்கு இதுதான் பெரிய உபயோகம்.

போன தீபாவளிக்கு செந்திலும் தேன்மொழியும் வந்திருந்தார்கள். வாசலில் இரண்டு வண்டி, ஜன்னலில் இரண்டு சிவப்பு ஹெல்மெட். ஒன்றில் "மருமகன்". செந்தில் ஹெல்மெட்டிலும் ஏதோ புதிதாக எழுதியிருந்தது. தேன்மொழியின் கையெழுத்து. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

"நான் அவரில்லை. பரவாயில்லை, ஏறுங்க ஆத்தா."